‘இது வெள்ளைக்காரன் மதம்தானே?’ - திண்டுக்கல் கிறிஸ்தவர்கள் சந்திக்கும் 3 கேள்விகளும், காலம் தந்த பதில்களும்!

திண்டுக்கல் பக்கம் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவர் யாராக இருந்தாலும், மூன்று கேள்விகளைச் சந்திக்காமல் தப்பித்திருக்க முடியாது. பள்ளிக்கூட பெஞ்சில் ஒருமுறை, டீக்கடை பெஞ்சில் ஒருமுறை, தாலுகா ஆபீஸ் வரிசையில் ஒருமுறை என எங்காவது அவை வந்து நிற்கும்.

‘இது வெள்ளைக்காரன் மதம்தானே?’

‘உங்க மதத்துலதான் சாதியே இல்லையே, அப்புறம் எதுக்கு சாதிச் சலுகை?’

‘ஸ்கூல், ஆஸ்பத்திரி நடத்துறதெல்லாம் மதம் மாத்தத்தானே?’

சில நேரம் இது கிண்டல். சில நேரம் நிஜமான சந்தேகம். சில நேரம் அரசியல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 சதவிகிதம். திண்டுக்கல் மாவட்டத்தில் அதைவிடச் சற்று அதிகம். எப்படிப் பார்த்தாலும் சிறுபான்மைதான். கோபப்பட்டுப் பேசினால் பக்கத்து வீட்டு உறவு கெடும். பேசாமல் இருந்தால், ‘பதில் இல்லை’ என்று ஆகிவிடும்.

பைபிளிலேயே இதற்கு ஒரு வழிகாட்டல் உண்டு. பேதுருவின் முதல் கடிதம் 3-ம் அதிகாரம் 15-ம் வசனம்தான் அது. நம்பிக்கையைப் பற்றி யார் விளக்கம் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும் என்கிறது முதல் பாதி. அந்தப் பதில் பணிவோடும் மரியாதையோடும் இருக்க வேண்டும் என்பது அடுத்த பாதி. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டவர்களும் உண்டு. இரண்டையும் காப்பாற்றியவர்களும் உண்டு. இந்த மண்ணின் 400 ஆண்டு வரலாற்றில் இரண்டுக்கும் உதாரணங்கள் இருக்கின்றன.

‘நான் பரங்கி இல்லை!’

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். 1606-ல் ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி மதுரைக்கு வந்தார். அப்போது திண்டுக்கல் சீமையும் மதுரை நாயக்கர்களின் ஆட்சிக்குள்தான் இருந்தது. அன்றைக்குக் கிறிஸ்தவத்துக்கு ஊர் வைத்திருந்த பெயர் ‘பரங்கி மார்க்கம்’. அதாவது போர்த்துக்கீசியர்களின் மதம். சேர்ந்தால் நாமும் பரங்கி ஆகிவிடுவோம் என்ற பயம் மக்களிடம் இருந்தது.

நொபிலி தந்த பதில், தன்னையே மாற்றிக்கொண்டது. காவி உடுத்தினார். மாமிசத்தை விட்டார். தமிழும் சம்ஸ்கிருதமும் கற்றார். தான் பரங்கி அல்ல என்று வெளிப்படையாகவே அறிவித்தார். இதற்கு எதிர்ப்பு ஊரைவிட, உடனிருந்த பாதிரியார்களிடமிருந்துதான் பலமாக வந்தது. ‘கிறிஸ்தவத்தையே மாற்றுகிறார்’ என்று புகார் ரோம் வரை போனது. 1623-ல் போப் 15-ம் கிரகோரி, நொபிலியின் முறைகளை அனுமதித்துத் தீர்ப்பளித்தார்.

கேள்வி கேட்டவரைத் திட்டாமல், கேள்வியில் இருந்த நியாயத்தை ஏற்றுக்கொண்ட பதில் இது. ‘மதம் வேறு, போர்த்துக்கீசியக் கலாசாரம் வேறு’ என்று அவர் பிரித்துக் காட்டினார்.

அடுத்த நூற்றாண்டில் வந்த வீரமாமுனிவர் (1680-1747) வேறொரு வகைப் பதிலையும் முயன்றார். அவரைக் கேள்வி கேட்டவர்கள் இன்னொரு கிறிஸ்தவ சபையினரே. தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் மிஷனரிகளுக்கும் அவருக்கும் தமிழிலேயே காரசாரமான விவாதம் நடந்தது. ‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’ போன்ற நூல்கள் அதில் பிறந்தவை. ஆனால், இன்று வீரமாமுனிவர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ‘தேம்பாவணி’யும் ‘பரமார்த்த குரு கதை’யும் ‘சதுரகராதி’யும்தான். சண்டைக்காக எழுதிய புத்தகங்கள் நூலகத்தில் தங்கிவிட்டன. தமிழுக்காகச் செய்த வேலை மக்களிடம் தங்கிவிட்டது. அவர் பெயரைத் தாங்கிய பெஸ்கி கல்லூரி திண்டுக்கல்லில் இயேசு சபையினருக்குப் பயிற்சி தரும் இடமாக இருக்கிறது.

பெயரை மாற்றிய தமிழர்

பிரிட்டிஷ் ஆட்சியில் ‘வெள்ளைக்காரன் மதம்’ என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. ஆட்சி செய்பவனின் மதமும் அதுவே என்னும்போது, நாட்டுப்பற்று யார் பக்கம் என்ற சந்தேகம் எழுந்தது.

அதற்குப் பதில் சொன்னவர்களில் முக்கியமானவர், தஞ்சாவூரில் 1892-ல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி.குமரப்பா. ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்றிருந்த பெயரை மாற்றி, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். 1930-ல், காந்தியின் சட்டமறுப்பு கிறிஸ்தவத்துக்கு ஏற்றதல்ல என்ற ரீதியில் கொல்கத்தா பேராயர் வெஸ்ட்காட் பேசியபோது, அவரையே எதிர்த்து எழுதினார் குமரப்பா. சத்தியாக்கிரகம் இயேசுவின் வழிக்கு முரணானது அல்ல என்பது அவர் வாதம். சிறைக்கும் போனார். சிறையிலிருந்தபடியே இயேசுவின் போதனைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார்.

சாதி இல்லையா... இருக்கிறதா?

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலிலிருந்தே இரண்டாவது கேள்வி முளைத்தது. உள்ளூர் வழக்கங்களை ஏற்றுக்கொண்டபோது, சாதி வேற்றுமையும் கூடவே தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்டது. உயர்சாதியினருக்குத் தனி குரு, மற்றவர்களுக்குத் தனி குரு என்ற ஏற்பாடே மதுரை மிஷனில் இருந்தது. பிற்காலத்தில் பல ஊர்களில் தனி இருக்கை, தனிக் கல்லறை என்று அது தொடர்ந்தது.

இதன் சட்டப் பக்கம் இன்னும் சிக்கலானது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட்டார்கள். 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.

சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர், கிறிஸ்தவர் என்பதால் அரசு தரும் இலவசப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டதாக உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதை நிரூபிக்கவில்லை என்று 1985-ல் அவர் மனு தள்ளுபடியானது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறுவது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்றது உச்ச நீதிமன்றம். மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-ல் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது.

இங்கேதான் கிறிஸ்தவர்கள் தடுமாறுகிறார்கள். ‘எங்களிடம் சாதி இல்லை’ என்றால், சலுகை கேட்பது ஏன் என்பார்கள். ‘சாதி இருக்கிறது’ என்றால், அப்புறம் எதற்கு மதம் மாறினீர்கள் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் மாட்டிக்கொள்ளும் கேள்வி.

நேர்மையான பதில் ஒன்று உண்டு. ‘எங்கள் வேதத்தில் சாதி இல்லை. எங்கள் தேவாலயங்களில் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது தப்பு.’ இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் கிறிஸ்தவர்களுக்காக வெளியிட்ட கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைப் பெரும் சமூகப் பாவம் என்றது. வெளியிலிருந்து கேட்டவர்களைவிட, உள்ளே இருந்துகொண்டு கேள்வி கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கே இந்த ஒப்புதலில் பெரும் பங்கு உண்டு.

காந்தி கேட்ட கேள்வி

மூன்றாவது கேள்வியை மிக வலுவாகக் கேட்டவர் காந்திதான். இயேசுவை மதித்தவர், மலைப்பிரசங்கத்தை நேசித்தவர் என்பதால் அவர் கேள்வியை யாராலும் ஒதுக்க முடியவில்லை. மருத்துவமும் கல்வியும் தருபவர்கள், அதை மதமாற்றத்துக்கான வழியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சட்டம் இயற்றும் அதிகாரம் தனக்கு இருந்தால் மதமாற்ற வேலையை நிறுத்திவிடுவேன் என்று 1935-ல் ‘ஹரிஜன்’ இதழில் சொல்லும் அளவுக்குப் போனார்.

இந்தக் கேள்விக்குத் திண்டுக்கல் மண்ணில் பதிலாக வாழ்ந்தவர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1898-ல் பிறந்தவர். 1925-ல் அமெரிக்க மதுரை மிஷனில் சேர்ந்து இங்கே வந்தார். இந்த மிஷன் 19-ம் நூற்றாண்டிலேயே திண்டுக்கல்லில் பள்ளிகளும் மருத்துவமனையும் நடத்தியது. எட்வர்ட் செஸ்டர் என்ற மருத்துவ மிஷனரி திண்டுக்கல்லில் பல பத்தாண்டுகள் பணியாற்றியிருக்கிறார்.

கெய்த்தான் காலத்தில், பிரிட்டிஷ்காரர் அல்லாத மிஷனரிகள் அரசுக்கு எதிராக நடக்க மாட்டோம் என்று உறுதியளித்தால்தான் இங்கே வேலை செய்ய முடியும். 1930-ல் வைஸ்ராய் இர்வினிடம் காந்தியின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர். கதர் உடுத்திய அந்த இளைஞரைத் தன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கவைத்தார் கெய்த்தான். அரசு கோபப்பட்டது. மிஷனுக்கு நெருக்கடி வந்தது. கெய்த்தான் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு திரும்பி வந்தவரை 1944-ல் மறுபடியும் வெளியேற்றினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அவர் மீண்டும் வந்தது திண்டுக்கல் பக்கம்தான். சௌந்திரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டி அருகே தொடங்கிய காந்திகிராமத்தில் பங்கெடுத்தார். வத்தலக்குண்டு பகுதியில், சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனோடும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளோடும் சேர்ந்து நிலமற்றவர்களுக்காக உழைத்தார். பூதான இயக்கத்தில் நடந்தார். அவர் கிறிஸ்தவத்தை விடவில்லை. தன் நம்பிக்கையால்தான் இதைச் செய்வதாகக் கருதினார். ஆனால், நிலம் வாங்க வந்தவரிடம் ‘நீ எந்தச் சாமி?’ என்று கேட்கவில்லை. ‘சேவையா, மதமாற்றமா?’ என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையே பதிலானது.

1955-ல் ஒட்டன்சத்திரத்தில் தொடங்கப்பட்ட கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனையும் இந்த வரிசையில் வருகிறது. டாக்டர் ஏ.கே.தரியனும் நண்பர்களும் அதைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு மிஷனரிகள் கட்டியது அல்ல, இந்தியக் கிறிஸ்தவர்களே கிராமத்தைத் தேடிவந்து தொடங்கியது. பெருநகரத்தில் பெரிய வருமானம் பார்க்கக்கூடிய டாக்டர்கள் எளிய சம்பளத்தில் வேலை பார்த்தார்கள்.

ஆனாலும் கேள்வி ஓய்ந்துவிடவில்லை. 2002 அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மூன்றாண்டு வரை சிறை என்றது சட்டம். கிறிஸ்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2004 தேர்தலுக்குப் பிறகு அந்தச் சட்டம் கைவிடப்பட்டது. இதில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25-வது பிரிவு தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோயாளியின் கட்டிலருகே அவர் கேட்காமலேயே பிரசாரம் செய்பவர், காந்தியின் கேள்வியை நியாயமாக்கிவிடுகிறார்.

பந்தியும் மைதானமும்

பக்கத்து வீட்டார் மனதில் சந்தேகம் வளர்வதும் கரைவதும் விவாத மேடையில் நடப்பதில்லை. திண்டுக்கல் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவே இதற்கு உதாரணம். ஆண்டுதோறும் ஆகஸ்ட்டில், நேர்ச்சையாக வந்து குவியும் ஆடு, கோழி, அரிசி, காய்கறி எல்லாம் அண்டா அண்டாவாகச் சமைக்கப்பட்டு, அசைவ அன்னதானம் நடக்கும். நேர்ந்துகொள்பவர்களிலும் சாப்பிடுபவர்களிலும் எல்லா மதத்தினரும் உண்டு. அந்தப் பந்தியில் யாரும் யாரிடமும் ‘வெள்ளைக்காரன் மதமா?’ என்று கேட்பதில்லை.

இதே மாவட்டத்தில் எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. ஆத்தூர் தாலுகா என்.பஞ்சம்பட்டியில், அரசுக்குச் சொந்தமான மைதானத்தில் கோயில் விழா அன்னதானம் நடத்தும் விவகாரம் 2025-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. அங்கே நூறாண்டுக்கும் மேலாக ஈஸ்டர் நிகழ்ச்சிகள் நடத்திவருவதாகச் சொல்லி, கிறிஸ்தவர்கள் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. அரசு மைதானம் என்றால் எல்லாச் சமூகத்தினருக்கும் பொதுதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும், பக்கத்துத் தெருக்காரர் பந்தி போட இடம் கேட்கும்போது சொல்லும் பதிலைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கும்.

வீட்டில் என்ன சொல்லித் தருவது?

பள்ளியில் கேள்வி கேட்கப்பட்டு முகம் வாடி வீடு திரும்பும் பிள்ளையிடம், ‘நீ பதிலுக்கு அவங்க சாமியைக் கேளு’ என்று சொல்லித் தருவது சுலபம். அது அடுத்த நாள் சண்டையில் முடியும். மற்ற மதங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் ஒதுக்குவதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையே 1965-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்துவிட்டது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலிருந்து வீட்டுக்கு வர வேண்டிய பாடம் அது.

பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது மிக எளிது. தெரிந்ததைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். நம் பக்கத் தப்பை ஒப்புக்கொள். கேட்பவர் கிண்டலுக்குத்தான் கேட்கிறார் என்றால், சிரித்துவிட்டு விளையாடப் போ.

நொபிலி உடையையும் உணவையும் மாற்றினார். குமரப்பா பெயரை மாற்றிக்கொண்டு சிறைக்குப் போனார். கெய்த்தான் இரண்டு முறை நாடு கடத்தப்பட்டார். மூன்று பேருமே தங்களைக் கேள்வி கேட்டவர்களிடம் ஏதோ ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். அதற்காக எதையாவது இழக்கவும் தயாராக இருந்தார்கள். கேள்விகள் இனியும் வரும். அவற்றுக்குச் சொல்லும் பதிலை ஊர் எடைபோடுவது, சொல்பவர் அதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பதை வைத்துத்தான்.