மல்யுத்தக் கோதாவும் 'கெட்ட' ஷெய்க்மாரும்

கல்முனைக்குடி தொடக்கம் சாய்ந்தமருது வரையான கடற்கரை மணலில் அஸர் தொழுகைக்குப் பின்னர் கூடும் சிறுவர்களிடையே கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் அடுத்தபடியாக மல்யுத்தம் இடம்பிடித்துப் பல ஆண்டுகளாகின்றன. கேபிள் தொலைக்காட்சி இங்கு பரவிய காலத்தில் தொடங்கிய மோகம் இது. கூட்டத்தில் பெரியவன் அண்டர்டேக்கர் ஆகின்றான். அவனுக்கு அடுத்தவன் ஜோன் சீனா. எல்லாரிலும் இளையவன் எவனோ, அவன் தலையில் கெட்டவன் வேடம் கட்டாயமாகச் சுமத்தப்படுகின்றது.

அண்மையில் இக்கரையோரத்தைச் சேர்ந்த தந்தையொருவர் எம்மிடம் ஒரு விடயத்தைக் கூறினார். கைத்தொலைபேசியில் பழைய மல்யுத்தக் காட்சியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த அவரது மகன், தலையில் அரபுச் சால்வை அணிந்து வந்து அரங்கம் முழுவதன் கூச்சலுக்கும் ஆளான ஒருவரைச் சுட்டிக்காட்டி, "வாப்பா, இவர் முஸ்லிமா? ஏன் எல்லாரும் இவருக்கு ஏசுறாங்க?" என்று கேட்டானாம். தந்தைக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவுக்கான விடை சற்று நீளமானது. அதனை இங்கு சொல்லிவைப்பது பயனுடையதெனக் கருதுகின்றோம்.

முதலில் இத்தொழிலின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். டபிள்யூ.டபிள்யூ.ஈ. போன்ற நிறுவனங்கள் நடத்தும் தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றது. இது எவரும் ஊகித்துக் கூறும் குற்றச்சாட்டன்று. 1989 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், விளையாட்டுப் போட்டிகளுக்குரிய கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறும் பொருட்டு, தாம் நடத்துவது மெய்யான போட்டியன்று, பொழுதுபோக்கே என அந்நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டனர். இதனால் அடியும் விழுகையும் பொய்யென்று கொள்ளலாகாது. இரும்புச் சட்டத்தின் மீது பலகை பரப்பி, மெல்லிய பஞ்சணையும் கித்தானும் விரித்த மேடையில் முதுகு அடிபட வீழ்வது வலிக்கவே செய்யும். நெற்றியிலிருந்து வழியும் குருதி பல வேளைகளில் மணிக்கட்டுப் பட்டியில் மறைத்து வைக்கப்பட்ட சவர அலகின் துண்டால் தாமே கீறிக்கொண்டது. எனினும் அது குருதியே. 1999 மே மாதத்தில் ஓவன் ஹார்ட் என்ற வீரர் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியின்போது வீழ்ந்து மாண்டார். முடிவு எழுதப்பட்டிருந்தாலும் உடல் படும் பாடு எழுதப்பட்டதன்று. மணலில் ஒருவரையொருவர் தலைகீழாகத் தூக்கிப் போடும் எமது சிறுவர்களுக்கு இந்த ஒன்றையாவது வீட்டார் விளக்கியாக வேண்டும்.

இக்காட்சியை நகர்த்துவன இரண்டு வேடங்கள். மக்கள் ஆரவாரிக்க வேண்டிய நல்லவரை 'பேஸ்' என்றும், மக்கள் வெறுக்க வேண்டிய கெட்டவரை 'ஹீல்' என்றும் அத்தொழிலில் அழைப்பர். அனுமதிச் சீட்டை விற்றுக் கொடுப்பவர் பெரும்பாலும் கெட்டவரே. அவர் எப்போது உதை வாங்குவார் என்று காணவே மக்கள் பணம் கொடுக்கின்றனர். ஆகவே வெறுப்பை மூட்டத் தெரிந்தவர் அங்கு திறமைசாலி.

எமது பிரதேசத்தவருக்கு இது புதிய கலையன்று. பொல்லடியில் கழிகள் விசையோடு மோதினாலும் எவரது விரலும் நசுங்குவதில்லை. சீனடியும் சிலம்படியும் கற்றோர் வீச்சுக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டை அறிவர். அயலிலுள்ள பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் ஆலய உற்சவத்தில் பாரதக் கதை நிகழ்த்தப்படுகின்றது. வடமோடிக் கூத்தில் துரியோதனனும் துச்சாதனனும் களரியில் ஏறி ஆடும்போது பார்ப்போர் கொதிப்படைவர். விடிந்ததும் வேடம் கலைத்தவர் தம் வயலுக்குச் செல்கிறார். அவரை எவரும் வெறுப்பதில்லை, ஏனெனில் துரியோதனன் அடுத்த தெருவில் குடியிருப்பவன் அல்லன்.

மல்யுத்தக் கோதாவின் துரியோதனன் அடுத்த தெருவில் இருக்கிறான் என்பதிலேதான் சிக்கல் தொடங்குகின்றது. அமெரிக்க மல்யுத்த அமைப்பாளர்கள் கெட்டவருக்கான வேடத்தைப் புராணத்திலிருந்து எடுக்கவில்லை. அன்றைய பத்திரிகையின் முதற் பக்கத்திலிருந்து எடுத்தனர். இரண்டாம் உலக மகா யுத்தத்தின் பின்னர் ஜேர்மனியரும் ஜப்பானியரும் கெட்டவராயினர். பனிப்போர்க் காலத்தில் ரஷ்யர். அவர்களுக்குப் பக்கத்தில் நிரந்தர ஆசனம் பெற்றவர் அரபு ஷெய்க்.

அவ்வரிசையில் முதன்மையானவர் 'த ஷெய்க்' என்றே அறியப்பட்ட எட் பர்ஹாத். போட்டிக்கு முன் தொழுகை விரிப்பை மேடையில் விரிப்பார். எதிராளியை எழுதுகோலால் குத்துவார். முகத்தில் நெருப்பை வீசுவார். ஆங்கிலம் அறியாதவர் போல் உறுமுவார். உண்மையில் இவர் மிச்சிகன் மாநிலத்தில் லெபனான் வழிவந்த கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர். அமெரிக்க இராணுவத்தில் பணிபுரிந்தவர். அந்த விரிப்பு அவருக்கு ஒரு மேடைப் பொருளே. தொழுகையை அன்றாடக் கடமையாகக் கொண்டோருக்கு இது எத்துணை வேதனை தரும் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அச்சிறுவன் கண்டது பெரும்பாலும் 'அயன் ஷெய்க்' ஆகவே இருக்க வேண்டும். ஹுசைன் கொஸ்ரோ அலி வசீரி என்ற இயற்பெயர் கொண்ட இவர் 1942 இல் ஈரானில் பிறந்தவர். பஹ்லவான்களைப் போற்றும் அம்மண்ணில் மெய்யான மல்யுத்தம் பயின்று, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1971 இல் அந்நாட்டின் கிரேக்க - ரோமன் மல்யுத்த அமெச்சூர்ப் பட்டத்தை வென்றார். 1972 ஒலிம்பிக்குச் சென்ற அமெரிக்க அணியின் துணைப் பயிற்றுநர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார். அமெரிக்காவுக்காக உழைத்த அம்மனிதர் அமெரிக்காவின் பகைவராக வேடமிட்டதே அவரது வாழ்க்கையின் விந்தை. 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பணயக் கைதிகளாக்கப்பட்டு 444 நாட்கள் தடுத்து வைக்கப்பட்ட பின்னர், ஈரானியக் கொடியேந்தி அமெரிக்கப் பெயரைச் சொல்லித் துப்புவதே இவரது பிழைப்பாயிற்று. 1983 டிசம்பர் 26 இல் பொப் பேக்லண்டிடமிருந்து சம்பியன் பட்டத்தைக் கைப்பற்றினார். நான்கே வாரங்களில், 1984 ஜனவரி 23 இல், நியூயோர்க்கில் ஹல்க் ஹோகனிடம் அதனை இழந்தார். ஹோகன் என்ற பெருந்தாரகை எழுவதற்கு ஒரு படிக்கல் தேவைப்பட்டது. அப்படிக்கல்லுக்கு ஷெய்க் என்று பெயரிட்டனர். (பாரசீகர் ஒருவருக்கு ஏன் அரபியரின் தலைச் சால்வை என்று கேட்பதற்கு அவ்வரங்கில் ஒருவரும் இருக்கவில்லை.)

வேடிக்கை அதனோடு முடியவில்லை. 1991 வளைகுடா யுத்தத்தையொட்டி அதே வசீரிக்கு 'கேணல் முஸ்தபா' என்று பெயர் சூட்டி ஈராக்கியர் என அறிமுகப்படுத்தினர். ஈரானும் ஈராக்கும் எட்டாண்டுகள் பொருதி ஓய்ந்து மூன்றாண்டுகளே கடந்திருந்தன. எழுதிக் கொடுத்தவர்களுக்கு இருவரும் ஒருவரே. வசீரி 2023 ஜூன் 7 இல் காலமானார்.

இவ்வரிசையில் எமது உள்ளத்தை மிகவும் உறுத்துவது 'முஹம்மத் ஹசன்' என்ற வேடம். 2004 டிசம்பரில் இது தொடங்கியபோது எம்மவர் அதனைக் கவனிக்கும் நிலையில் இருக்கவில்லை. அம்மாதம் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரத்தையே வாரிச் சென்றிருந்தது. இவ்வேடத்தைப் பூண்ட மார்க் கோபானி இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். தாம் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த அரபியர் என்றும், 2001 செப்டெம்பர் 11 இன் பின்னர் தம்மைப் போன்றோர் யாவரும் சந்தேகத்தோடு நோக்கப்படுகின்றனர் என்றும் அவர் மேடையில் முறையிடுவார். அம்முறைப்பாட்டில் பொய் ஏதுமில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின்னர் பஸ் வண்டியிலும் சந்தையிலும் அலுவலக வாயிலிலும் இந்நாட்டு முஸ்லிம்கள் எதிர்கொண்ட பார்வையும், யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் தமிழ் இளைஞர்கள் எதிர்கொண்ட பார்வையும் அதுவே. ஆயினும் அங்கு அந்த நியாயமான குறை கெட்டவரின் வசனமாக எழுதப்பட்டது. அதனை அவர் சொல்லச் சொல்ல ஆயிரக்கணக்கானோர் கூவி அடக்கினர். அவருக்குத் துணையாக வந்த டைவாரி என்பவர் மேடையில் பேசியது பாரசீகம். கேட்டவர்கள் அதனை அரபு என்றே எண்ணிக் கூச்சலிட்டனர்.

2005 ஜூலை 4 ஆம் திகதி ஒளிப்பதிவான நிகழ்ச்சியொன்றில் ஹசன் மண்டியிட்டுப் பிரார்த்திக்க, முகமூடி அணிந்தோர் திரண்டு வந்து அண்டர்டேக்கரைத் தாக்கிக் கழுத்தை நெரித்தனர். அது ஒளிபரப்பாகவிருந்த ஜூலை 7 ஆம் திகதி காலை லண்டன் சுரங்க ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டனர். இருந்தும் அமெரிக்காவில் அன்றிரவு அக்காட்சி நீக்கப்படாமல் ஒளிபரப்பாகியது. கண்டனம் பெருகவே, ஹசன் இனித் திரையில் தோன்றலாகாதென ஒளிபரப்பு நிறுவனம் கூறிவிட்டது. அம்மாதம் 24 ஆம் திகதி அண்டர்டேக்கரிடம் தோற்கச் செய்து அவ்வேடத்தை முடித்துவைத்தனர். கோபானி பின்னர் மல்யுத்தத்தைத் துறந்து ஆசிரியராகிப் பாடசாலை அதிபருமானார்.

இவையாவும் மேற்கத்தையர் எமக்கு இழைத்த அநீதி மட்டுமே எனக் கூறி முடிப்பது எளிது. 2018 ஏப்ரல் 27 இல் ஜித்தாவில் நடந்ததை நினைவுகூர்ந்தால் அவ்வாறு கூற நா எழாது. சவூதி விளையாட்டு அதிகார சபையுடன் பத்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்ட டபிள்யூ.டபிள்யூ.ஈ. அங்கு நடத்திய முதலாவது பெருங்காட்சியில், முன்னர் ஹசனுக்குத் துணைநின்ற அதே டைவாரியும் அவரது சகோதரரும் ஈரானியக் கொடியோடு வந்து கர்ஜித்தனர். சவூதி இளம் பயிற்சி வீரர்கள் அவர்களை அடித்து விரட்ட, அரங்கம் அதிர்ந்தது. கூச்சலிட்டோரும் முஸ்லிம்கள், கூச்சலுக்கு ஆளானோரும் முஸ்லிம் நாட்டின் கொடியேந்தியோர். எழுதியவர்கள் மட்டும் பழையவர்களே.

மெய்யான மல்லர்களின் வரலாறு வேறு. நபிகளார் (ஸல்) ருகானா என்ற மல்லருடன் பொருதி வென்றதாக ஹதீஸ் கிரந்தத்தில் அறிவிப்பு உண்டு. எமது துணைக்கண்டத்தில் காமா என்ற குலாம் முஹம்மதுக்கு நிகரானவர் இல்லை. 1910 செப்டெம்பரில் லண்டனில் போலந்து வீரர் சிபிஸ்கோ இவரிடம் தோற்காதிருக்க இரண்டரை மணி நேரம் தரையோடு தரையாகக் கிடந்தார். மறுவாரம் குறித்த நாளில் களத்துக்கே வரவில்லை. 1928 இல் பட்டியாலாவில் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்தது. 1947 பிரிவினையின்போது லாகூரில் தம் அயலிலிருந்த இந்துக்களைக் காத்து நின்றார் என்ற செய்தியும் இவரைப் பற்றிப் போற்றிச் சொல்லப்படுகின்றது.

காமாவின் சகோதரர் மகன் அக்ரம், 1976 டிசம்பரில் கராச்சியில் ஜப்பானிய வீரர் அன்டோனியோ இனோக்கியுடன் பொருதினார். எழுதிவைத்த ஆட்டமாக அன்றி அது மெய்யான மோதலாகவே மாறியது. கையில் படுகாயமுற்ற அக்ரம் தோற்றார். 1979 இல் அதே குடும்பத்து இளைஞர் ஜாரா லாகூரில் இனோக்கியை எதிர்கொண்டபோது, ஐந்து சுற்றுகளின் முடிவில் இனோக்கி தாமே ஜாராவின் கையைப் பிடித்து உயர்த்தினார். இந்த இனோக்கி பின்னர் ஜப்பானிய மேலவை உறுப்பினராகி, 1990 இல் ஈராக்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தம் நாட்டவர்களை மீட்கப் பக்தாத் சென்று, மல்யுத்த விழா நடத்தி, 36 பேரை விடுவித்துக்கொண்டு திரும்பினார். அவ்வாண்டு கர்பலாவில் இஸ்லாத்தைத் தழுவி முஹம்மத் ஹுசைன் என்ற பெயரையும் ஏற்றார். பாகிஸ்தானியரின் கையை முறித்தவர் பாகிஸ்தானியரின் அன்புக்குரியவரானார். எந்த எழுத்தாளரும் இத்தகைய கதையை முன்கூட்டி எழுதியிருக்க மாட்டார்.

இன்றைய கோதாவிலும் சில மாற்றங்கள் தெரிகின்றன. தெற்காசிய வம்சாவளி முஸ்லிமான முஸ்தபா அலி, தம் பூர்வீகத்தை வைத்து மக்கள் வெறுப்பர் என அஞ்சித் தொழிலின் தொடக்கத்தில் முகமூடி அணிந்தே ஆடியவர். பின்னர் அதனைக் கழற்றிவிட்டுச் சொந்த முகத்தோடு களமிறங்கினார். சிரியக் குடியேற்றப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த சமி ஸெய்ன், 2018 முதல் பல ஆண்டுகள் சவூதிக் காட்சிகளில் இடம்பெறாதிருந்து, 2023 மே 27 இல் ஜித்தாவில் தோன்றினார். தலைச் சால்வை இல்லை, விரிப்பு இல்லை, கொடி இல்லை. ஒலிவாங்கியைப் பற்றி அரபு மொழியில் தம்மைத் தாமே அறிமுகப்படுத்தினார். அன்றைய ஆட்டத்தில் வென்றவரும் அவரே. அக்காட்சியும் அதே கைத்தொலைபேசியில் கிடைக்கின்றது. மகனுக்கு அதனையும் காட்டுமாறு அத்தந்தையிடம் கூறினோம்.