எடிட்டர் ஸ்கிரிப்ட்டை ஷேர் பண்றீங்களா? 'சர்ச் பாத்' விஷயத்தில் இந்த 3 தப்பைப் பண்ணாதீங்க!

"என் லேப்டாப்ல நல்லாத்தானே ஓடுச்சு?" - விம், ஈமேக்ஸ் போன்ற டெக்ஸ்ட் எடிட்டர்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதி நண்பர்களுக்கு அனுப்புபவர்கள் பலரும் சொல்லும் வசனம் இது. பல நேரங்களில் கோடில் தப்பு இருக்காது. சர்ச் பாத்தில்தான் சிக்கல் இருக்கும்.

சர்ச் பாத் என்றால் என்ன?

ஒரு ஸ்கிரிப்ட் தேவைப்படும்போது எடிட்டர் எந்தெந்த ஃபோல்டரில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்ற பட்டியல்தான் சர்ச் பாத். விம்மில் இதற்கு 'ரன்டைம்பாத்' என்று பெயர். ஈமேக்ஸில் 'லோட்-பாத்'. ஒரே பெயரில் இரண்டு கலர் தீம் ஃபைல் இருந்தால், பட்டியலில் முன்னால் இருக்கும் ஃபோல்டரில் உள்ளதைத்தான் விம் எடுத்துக்கொள்ளும்.

தப்பு 1: பட்டியலையே அழிப்பது

உங்கள் ஃபோல்டரைச் சேர்க்கும்போது '+=' போடாமல் வெறும் '=' போட்டால், பழைய பட்டியல் மொத்தமும் போய்விடும். நண்பர் வைத்திருந்த மற்ற ஸ்கிரிப்ட்கள் கிடைக்காது. கோடுக்கு வண்ணம் காட்டும் வசதிகூட வேலை செய்யாது.

தப்பு 2: உங்க வீட்டு அட்ரஸை எழுதுவது

உங்கள் யூசர் பெயரோடு முழு ஃபோல்டர் முகவரியை எழுதினால், அந்த ஃபோல்டர் அடுத்தவர் கம்ப்யூட்டரில் இருக்காது. ஸ்கிரிப்ட் தான் இருக்கும் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும்படி எழுதுவதுதான் சரி. இரண்டு எடிட்டர்களிலும் அதற்கு வசதி உண்டு.

தப்பு 3: 'இப்போ இருக்கிற ஃபோல்டர்'

இதுதான் ரொம்ப ஆபத்து. எடிட்டரை எந்த ஃபோல்டரில் திறக்கிறோமோ, அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டால், டவுன்லோட் செய்த ஃபோல்டரில் யாரோ வைத்த ஃபைலும் உங்களுக்குத் தெரியாமலே ஓடிவிடலாம். விம்மின் பைதான் இணைப்பிலேயே இப்படி ஒரு ஓட்டை இருந்தது. சிவிஇ-2009-0316 என்ற எண்ணில் அது பதிவானது. 7.2.045 திருத்தத்தில் அது அடைக்கப்பட்டது.

அப்போ என்னதான் வழி?

பாத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. 2016-ல் வந்த விம் 8-ல் 'பேக்கேஜ்' வசதி இருக்கிறது. 'பேக்' ஃபோல்டருக்குள் ஒரு பெயரில் ஃபோல்டர், அதற்குள் 'ஸ்டார்ட்', அதில் உங்கள் ஸ்கிரிப்ட் ஃபோல்டர். அவ்வளவுதான்! விம் தானே அதைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஈமேக்ஸிலும் 2012-ல் வந்த 24-வது வெர்ஷனில் இருந்து பேக்கேஜ் வசதி கூடவே வருகிறது.

அனுப்பும் முன் ஒரு டெஸ்ட்

கம்ப்யூட்டரில் புது யூசர் அக்கவுன்ட் ஒன்றை உருவாக்கி, அதில் ஸ்கிரிப்ட்டைப் போட்டுப் பாருங்கள். விம்மில் 'ஸ்கிரிப்ட்நேம்ஸ்' கட்டளை கொடுத்தால், எந்த ஃபைல் எங்கிருந்து ஓடியது என்ற முழு லிஸ்ட்டும் வரும். அதில் உங்களுக்குத் தெரியாத ஃபோல்டர் தெரிந்தால், அதைச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.