ரயில் வண்டியைத் தின்னும் குழந்தைகள்

குழந்தைகள் ரயில் வண்டியில் ஏறிக் குதூகலிப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ரயில் வண்டியையே தின்று தீர்ப்பதைக் காண வேண்டுமானால், ஆஸ்திரேலியா தேசத்துப் பிறந்த நாள் வைபவம் ஒன்றுக்குத்தான் போக வேண்டும்!

1980-ஆம் வருஷத்தில் 'ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' என்னும் பெண்கள் பத்திரிகை, குழந்தைகளின் பிறந்த நாள் கேக்குகளைப் பற்றிப் படங்களுடன் ஒரு புத்தகம் பிரசுரித்தது. நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் அதில் உண்டு. அட்டையை அலங்கரித்தது ஒரு ரயில் வண்டி. உள்ளே ஒரு வாத்து; அதன் அலகு உருளைக்கிழங்கு வறுவல். பிறிதொரு பக்கத்தில் நீச்சல் குளம். தளதளவென்று நிற்கும் ஜெல்லிதான் அதன் ஜலம்!

அப்புத்தகம் கைதேர்ந்த பலகாரக்காரர்களுக்காக எழுதப்பட்டதன்று. சாதாரணத் தாய்மார்களை நம்பி எழுதப்பட்டது. கேக்கை வெட்டி ஒட்டி, வர்ணம் கலந்த வெண்ணெய்ச் சர்க்கரைக் கலவையைப் பூசி, மிட்டாய்களைக் கண்ணாகவும் சக்கரமாகவும் பதிக்க வேண்டியதே வேலை. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கேக் நன்றாக ஆறிய பின்பே கத்தியை வைக்க வேண்டும். சூட்டில் வெட்டினால் உதிர்ந்துவிடும். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று பூசினால், உதிரும் துகள்கள் அதில் ஒட்டி அடங்கும். அது குளிர்ந்து இறுகியதும் இரண்டாம் பூச்சு.

இத்தனை செய்தும் நள்ளிரவில் வாத்தின் கழுத்துச் சற்றே கோணிவிடக் கூடும். தாயார் கவலைப்பட வேண்டியதில்லை. காலையில் அதைக் காணும் குழந்தை கைகொட்டிச் சிரிக்குமேயன்றிக் குறை கூறாது. தனக்காக அம்மா கண் விழித்தாள் என்பது அதற்குத் தெரியுமல்லவா?