கண்டி நகரும் பீனிச நோயும்

மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்தது கண்டி நகர். காற்றோட்டம் குன்றும் வேளைகளில் வாகனப் புகை அங்கேயே தங்கி, மூக்கின் மென்சவ்வை உறுத்துகின்றது.

மூக்கைச் சூழ்ந்த முக எலும்புக் குழிகளின் சவ்வழற்சியே பீனிசம். கன்னக் குழியின் வாயில் அதன் மேற்பகுதியில் உள்ளது. தடிமனால் அது வீங்கி அடைபடின் சளி வடியாது தேங்கும். மூக்கடைப்பு, சீழ்ச்சளி, குனியுங்கால் மிகும் முகநோவு, மணம் அறியாமை என்பன இதன் குறிகள். 12 வாரங்களைக் கடந்து நீடிப்பது நாட்பட்ட பீனிசம் எனப்படும்.

கண்டி, பேராதனை வைத்தியசாலைகளை நாடுவோரின் தொகையைக் கொண்டு மட்டும் இந்நோயின் பரவலை அளத்தல் பொருந்தாது; எளிய பீனிசமுடையோர் பலர் இல்லத்திலேயே குணமடைவர். எனினும், கண்ணைச் சுற்றி வீக்கமோ பார்வை மங்கலோ கடுந்தலையிடியோ தோன்றின் தாமதித்தலாகாது. இக்குழிகளைக் கண்ணினின்றும் மூளையினின்றும் பிரிப்பது மெல்லிய எலும்பே.