கனமழையின் எல்லைக்கோடு எங்கே?

காலை 8.30 மணி. இரவெல்லாம் பெய்த மழை சற்றே ஓய்ந்திருக்கிறது. மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் பலமுறை ஊற்றி, ஒவ்வொரு முறையும் கண்மட்டத்தில் பிடித்து அளந்து கூட்டி, 115.5 மி.மீ. என்று ஏட்டில் பதிகிறார் நிலையப் பணியாளர். பக்கத்து ஊர் நிலையத்தில் அதே வேளையில் பதிவானது 115.6 மி.மீ. என்று கொள்க. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகுப்பின்படி, 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை; அதற்கு மேற்பட்டது அதி கனமழை. ஆகவே முதல் ஊரில் பெய்தது கனமழை. இரண்டாம் ஊரில் பெய்தது மிகக் கனமழை!

இவ்விரு ஊர்களையும் பிரித்தது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் 64.5 மி.மீ. பெய்த ஊரும் 115.5 மி.மீ. பெய்த ஊரும் ஒரே வகுப்பில் அடங்கிவிடுகின்றன. காற்று பலமாக வீசும்போது மழைமானியின் வாயருகே காற்றோட்டம் திரிந்து துளிகளை அப்பால் அடித்துச் செல்வதால் அதில் சேரும் நீர் உண்மையினும் குறைந்துவிடும் என்பதைக் களப்பணியாளர் நன்கு அறிவர். அந்தக் குறைவே பத்தில் ஒரு மில்லிமீட்டரைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கக்கூடும். ஏட்டுக்கும் புள்ளிவிவரத்திற்கும் திட்டமான எல்லை வேண்டியதே. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் “மிகக் கனமழை பெய்தால் தாழ்ந்த பகுதி மக்களை மேட்டுக்கு அனுப்புக” என்ற கட்டளையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால், ஓர் ஊரார் பள்ளிக்கூடத்தில் தங்குவர். மற்றோர் ஊரார் ஏரிக்கரையின் கீழேயே உறங்குவர்.

இத்தகைய இடர்ப்பாட்டிற்குக் கணித முறையில் ஒரு வழி கண்டவர் லோட்ஃபி ஜாதே. 1921-இல் பாகு நகரில் பிறந்த இவர், அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின் பொறியியல் பேராசிரியராக இருந்தபோது, 1965-இல் ‘ஃபஸ்ஸி’ கணங்கள் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இவற்றைத் தமிழில் மங்கல் கணங்கள் எனலாம். பழைய கணக் கொள்கையில் ஒரு பொருள் ஒரு கணத்தில் உறுப்பாக இருக்கும், அல்லது இராது. மதிப்பு 1 அல்லது 0. ஜாதேயின் கொள்கையிலோ 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எந்த மதிப்பும் பொருந்தும். அம்மதிப்பே உறுப்புத்தரம். ஒவ்வோர் அளவுக்கும் உரிய உறுப்புத்தரத்தைத் தரும் விதியே உறுப்புச் சார்பு.

மழையையே எடுத்துக்கொண்டு இதை வரைந்து பார்க்கலாம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக அமைத்தவையே. துறையின் எல்லைகள் அல்ல. ‘கனமழை’ என்ற கணத்தின் கோடு 50 மி.மீ.இல் 0-இலிருந்து ஏறி, 80-இல் 1 ஆகி, 100 வரை சமமாகச் சென்று, பின் இறங்கி 130-இல் மீண்டும் 0 ஆகட்டும். இவ்வடிவம் சரிவகம். ‘மிகக் கனமழை’யின் கோடு 100-இல் ஏறத் தொடங்கி 130-இல் 1 ஆகட்டும். இரு கோடுகளும் 100-க்கும் 130-க்கும் இடையே ஒன்றையொன்று வெட்டுவதைக் கவனிக்க வேண்டும். பயன் அனைத்தும் அந்த இடைவெளியிலேதான் உள்ளது. பதிவு 112 மி.மீ. ஆயின், கனமழையின் தரம் 30-இல் 18, அதாவது 0.6, மிகக் கனமழையின் தரம் 0.4.

இவ்வாறு கருவி தந்த ஒற்றை எண்ணைச் சொற்களின் தரங்களாக மாற்றுவதே மங்கலாக்கம். முற்கூறிய இரு ஊர்களையும் இதிலிட்டால், மிகக் கனமழையின் தரம் 115.5-க்கு 0.517, 115.6-க்கு 0.520. வேற்றுமை அனேகமாக மறைந்துவிட்டது.

இனி விதிகளை எளிய சொற்களிலேயே எழுதலாம். “மண் நன்கு நனைந்திருந்து, மழையும் மிகக் கனத்திருந்தால், ஏரியின் நீர்வரத்து மிகும்” என்பது ஒரு விதி. மண்ணின் நனைவுத் தரம் 0.8, மழையின் தரம் 0.4 எனின், ‘உம்’மை இணைக்கும் இவ்விரண்டில் சிறியதான 0.4 அளவுக்கே அவ்விதி செயற்படும். பல விதிகளின் முடிவுகளைத் திரட்டி மீண்டும் ஒற்றை எண்ணாக்கினால், மதகை எவ்வளவு திறப்பது என்பது கிடைக்கும். லண்டனில் இப்ராஹிம் மம்தானி 1970-களில் ஒரு சிறு நீராவி இயந்திரத்தை இம்முறையால் இயக்கிக் காட்டினார். 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயிலிலும் இது புகுந்தது.

மாணவர் இங்கே தவறாமல் ஒரு பிழை செய்வர். 0.6 என்பதை நிகழ்தகவு என்று எண்ணிவிடுவர். நாளை மழை பெய்யுமா என்பது நிகழ்தகவின் கேள்வி. நாளை வந்ததும் ஐயம் தீர்ந்துவிடும். 112 மி.மீ. மழையோ பெய்து முடிந்து, அளந்தும் ஆயிற்று. அது ‘கனமழை’ என்னும் சொல்லுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே இங்குக் கேள்வி. மறுநாள் வரை காத்திருந்தாலும் அதன் விடை மாறாது.

உறுப்புச் சார்பை வரைவது யார்? அனுபவமுள்ளவரின் மதிப்பீட்டைக் கொள்ளலாம். பழைய வெள்ளப் பதிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். வகுப்பறைக்கேற்ற வழி கை தூக்கச் சொல்வதே. வெந்நீர், உயரமான மரம், தொலைவான ஊர் என ஏதேனும் ஒரு சொல்லைக் கொடுத்து, ஓர் அளவுக்கு 40 மாணவரில் 24 பேர் ஆம் என்றால் அதன் தரம் 0.6. அளவை மாற்றி மாற்றிக் கேட்டால் கரும்பலகையில் கோடு தானே உருவாகும். அது பெரும்பாலும் நேர்கோடாக அமையாது. சரிவகமும் முக்கோணமும் கணக்கின் எளிமைக்காகக் கொண்டவையே.

ஓரிடத்தில் வரைந்த கோட்டை வேறிடத்திற்கு அப்படியே எடுத்துச் செல்லவும் இயலாது. ஜெய்சல்மேரில் ஆண்டு முழுதும் பெய்வதே சுமார் 200 மி.மீ. தான், அங்கே ஒரே நாளில் 70 மி.மீ. கொட்டினால் தெருக்கள் ஓடையாகும். ஆண்டில் 11,000 மி.மீ.க்கு மேல் பெறும் சிரபுஞ்சியில் அதே 70 மி.மீ. பெய்தால், பிள்ளைகள் குடையோடு பள்ளிக்குப் புறப்பட்டுவிடுவர்.