பழைய லொறியும் கரிப்பேணியும்

அமெரிக்காவிலே பழைய லொறிகளைப் புதுக்கி மகிழ்வோர் பலர். இயந்திர மூடியைத் திறந்ததும் புகைத்தடுப்புக் குழாய்களின் சிக்கலைக் கண்டு சலித்து, யாவற்றையும் கழற்றி எறிவோரும் உளர். அவற்றுள் கரி நிரப்பிய பேணியொன்று உண்டு. அதனை எறிதல் பேதைமை என்போம்.

கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டுக் கார்களில் புகுந்த இவ்வமைப்பு, பின்னர் லொறிகளையும் அடைந்தது. வண்டி வெயிலில் நிற்கையில் தாங்கியிலிருந்து எழும் பெற்றோல் ஆவியைக் கரி பற்றிக்கொள்ளும். இயந்திரம் ஓடுகையில் அவ்வாவி உள்ளிழுக்கப்பட்டு எரியும். வீணாகும் பெற்றோலன்றோ மீள்கிறது!

பேணியை நீக்கிக் குழாயைத் திறந்துவிட்டால், மூடிய கொட்டகையில் ஆவி தேங்கும், தீப்பொறியொன்று போதும். குழாயை அடைத்தாலோ தாங்கியினுள் அமுக்கம் ஏறும். 1975 வரையான வண்டிகளுக்கு அம்மாநிலத்தில் புகைப் பரிசோதனை இல்லை. ஆயினும் கழற்றச் சட்டம் இடந்தராது.

பெரும்பாலும் பழுதானவை வெடித்த இறப்பர்க் குழாய்களே. அவற்றை மாற்றுதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை.