பெரட்டிலிருந்து பரேட் வரை

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எட்டாம் தரம் படிக்கும் பிள்ளையிடம் எத்தனை ஆங்கிலச் சொல் தெரியும் என்று கேட்டால் தலை குனிந்துகொள்வாள். ஆனால் அவளுடைய அம்மா விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் போவது பெரட்டுக்கு, அது ஆங்கிலத்துப் பரேட். கொழுந்து போய்ச் சேர்வது ஸ்டோருக்கு, பேர் விழுவது செக்ரோலில், லயம் இருப்பது மேல் டிவிசனில். இத்தனை ஆங்கிலம் ஏற்கெனவே அவள் வீட்டில் புழங்குகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை வைத்து ஆங்கிலம் படிக்க நினைக்கும் பிள்ளைகள் இந்தச் சொற்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன்.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயலிகளிடம் தமிழிலேயே கேட்கலாம்: “கொழுந்து, கூடை, மலை, மழை பற்றிப் பத்துச் சின்ன ஆங்கில வாக்கியம் தா, தமிழ் அர்த்தத்தோடு.” வந்ததைக் கொப்பியில் எழுதி, மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து மறைத்து வைத்துச் சொல்லிப் பாருங்கள். இடைவெளி விட்டுத் திருப்பினால் மனதில் நன்றாகத் தங்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் 1885இலேயே சோதித்து எழுதினார். ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகக் கிடைக்கும் அங்கி என்ற செயலி அந்த நாள்கணக்கை நமக்காகப் பார்த்துக்கொள்கிறது.

உச்சரிப்புத்தான் கடினம். ‘பிக்’ என்று தமிழில் எழுதினால் அது பன்றியா, பெரியதா, பறிப்பதா? ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று சொல். நம் எழுத்தில் ஒரே ‘ப’, ஒரே ‘க’ இருப்பதால் காதும் அந்த வித்தியாசத்தைத் தேடுவதில்லை. பாடசாலையில் ஆங்கிலம் பாடமாக இருக்கிறது. ஆனாலும் நிறைந்த வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் ஆசிரியர் கவனிக்க முடியாது. ‘இஸ்கூல்’ என்று சொல்லி ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை பிறகு வாயே திறக்காது. போன் சிரிக்காது. நூறு தரம் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்கும்.

போனின் விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டு, மொழியை ஆங்கிலமாக்கி, பன்றிக்குரிய சொல்லைச் சொல்லுங்கள். திரையில் ‘பெரிய’ என்பதற்கான சொல் விழுந்தால், உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். பன்றிக்கு முதல் எழுத்தில் காற்று கையில் பட வேண்டும், பெரியதற்குப் படக்கூடாது. ஸ்டோருக்கும் இப்படி ஒரு வழி உண்டு: பாம்பு சீறுவது போல ‘ஸ்ஸ்’ என்று இழுத்து, நிறுத்தாமல் ‘டோர்’ என்று முடித்தால், முன்னால் ஒட்டும் ‘இ’ உதிர்ந்துவிடும்.

தனிச் சொல்லாகவே சொல்லிப் பழகுங்கள். பேச்சைக் கேட்கும் பொறி ஒலியை மட்டும் கேட்பதில்லை, பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்கவும் செய்கிறது. ஓபன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற இத்தகைய பொறி 6,80,000 மணிநேர ஒலிப்பதிவில் பயின்றது. அவ்வளவு கேட்ட பொறி, நீங்கள் வாக்கியத்தில் தவறாகச் சொன்னதையும் சரியாக எழுதிவிடும். பிழை மூடிப்போய்விடும். சில வேளை சரியாகச் சொன்னதையே பிழையாக எழுதும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது கேட்கவே வேண்டாம். அமைப்பில் ‘ஆங்கிலம் (இந்தியா)’ என்பதைத் தேர்ந்தால் நம் நாவுக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். மூன்று தரம் சொல்லியும் பிடிக்காவிட்டால் அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டு ஆங்கில ஆசிரியரிடம் கேளுங்கள்.

2021இல், கொரோனாக் காலத்தில், பதுளை மாவட்டத்துப் போஹிதியாவை என்ற கிராமத்துப் பிள்ளைகள் ஆன்லைன் பாடத்துக்குச் சிக்னல் தேடிக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறியது உலகச் செய்தியானது. தோட்டங்களிலும் பல மூலைகளுக்குச் சிக்னல் எட்டாது. ஆகவே பதுளை டவுனுக்குப் போகும் நாளில் கூகுள் டிரான்ஸ்லேட்டின் தமிழ், ஆங்கிலக் கோப்புகளையும், போன் இடம் கொடுத்தால் குரல் தட்டச்சின் ஆங்கிலக் கோப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இவை இரண்டும் டேட்டா இல்லாமலே ஓடும்.

பிள்ளையின் பெயர், பாடசாலை, தோட்டம் எதையும் செயலியிடம் சொல்ல வேண்டாம். வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரே போன். அம்மா மலையிலிருந்து வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் பத்து நிமிடம் கிடைத்தால் ஐந்து சொல் பழகலாம். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து ‘பரேட்’ சொல்லச் சொல்லுங்கள்.